சாட்டம் கவுன்ட்டியில் செப்டிக் வீடு: வாங்கலாமா, வேண்டாமா?

கேள்வி:

வணக்கம் சார். நார்த் கரோலினாவில் கேரியில் எட்டு வருடமாக டவுன்ஹவுஸில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். கொஞ்சம் இடத்தோடு வீடு வேண்டும் என்று தேடி, சாட்டம் கவுன்ட்டியில், கேரிக்கும் ஜோர்டன் ஏரிக்கும் நடுவே, ஒன்றரை ஏக்கரில் 2006-இல் கட்டிய வீடு ஒன்றுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டோம். விளம்பரத்தில் நான்கு பெட்ரூம், மாடியில் ஒரு போனஸ் ரூம் என்று இருந்தது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது பொதுச் சாக்கடை இணைப்பு இல்லாத செப்டிக் வீடு என்பது உறைத்தது. விற்பவர், ‘பதினோரு வருடமாக இருக்கிறோம், டேங்க்கைத் திறந்ததே இல்லை, ஒரு தொந்தரவும் இல்லை’ என்கிறார். வேண்டுமானால் க்ளோசிங்குக்கு (வீடு கைமாறும் நாளுக்கு) முன் அவர் செலவிலேயே லாரி வரவழைத்துச் சுத்தம் செய்து தருகிறாராம். பின்பக்கச் சரிவில் ஓரிடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாக இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து இருக்கப் போகிறார்கள். பின்னால் உள்ள புல்வெளியில் காய்கறித் தோட்டம் போட வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. டியூ டிலிஜென்ஸ் (வாங்குமுன் வீட்டை ஆராய்ந்து பார்க்கும் காலம்) முடிய இன்னும் 12 நாள் இருக்கிறது. இந்த வீட்டை வாங்கலாமா?

பெயர் வெளியிட வேண்டாம், கேரி

பதில்:

12 நாள் போதும். ஆனால் இன்றைக்கே இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். விற்பவருக்கு உங்கள் ரியல்டர் (வீட்டு முகவர்) மூலம் எழுத்தில் சொல்லுங்கள்: டேங்க்கை யாரும் தொட வேண்டாம், லாரி வேண்டாம். அடுத்து, சாட்டம் கவுன்ட்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு வீட்டு முகவரியையும் பார்சல் எண்ணையும் கொடுத்து, செப்டிக் அனுமதி ஃபைல் முழுவதையும் கேளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறேன் என்பவரை ஏன் தடுக்கச் சொல்கிறேன் என்று நீங்கள் யோசிக்கலாம். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். ஆனால் பரிசோதனைக்கு முன்னால் டேங்க்கைக் காலி செய்வது, டாக்டரிடம் போகும் வழியில் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொள்வது போல. டாக்டர் தொட்டுப் பார்க்கும்போது உடம்பு சில்லென்று இருக்கும். நான் இந்தப் பக்கம் செப்டிக் பரிசோதனை செய்ய ஆரம்பித்த புதிதில் இப்படி ஒரு வீட்டில் ஏமாந்தேன். இரண்டு நாள் முன்பு லாரி வந்து போயிருந்தது. டேங்க் பளிச்சென்று இருந்தது. வாங்கியவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். மூன்றாவது மாதம் அந்தப் புல்வெளியில் கால் வைக்க முடியவில்லை. அன்றிலிருந்து, காலி செய்து இரண்டு வாரம் ஆகாத டேங்க்கைப் பார்த்து நான் அறிக்கை எழுதுவதில்லை.

நம் ஊர்ப் பழக்கத்தால் நமக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. ஊரில் செப்டிக் டேங்க் என்றால் ஒரு தொட்டி. நிறைந்துவிட்டது என்றால் லாரியைக் கூப்பிடுவோம். அதனால் இங்கே மூடியைத் திறந்து உள்ளே தண்ணீர் கழுத்து வரை நிற்பதைப் பார்த்ததும் நம்மவர்கள் பதறிப்போகிறார்கள். பதற வேண்டியதில்லை. செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஒரு குடம் உள்ளே வந்தால் மறுபக்கம் ஒரு குடம் வெளியே போகும். உள்ளே மூன்று அடுக்கு: மேலே எண்ணெயும் கொழுப்பும் ஆடையாக மிதக்கும், அடியில் கசடு படியும், நடுவில் ஓரளவு தெளிந்த நீர். அந்த நடு நீர்தான் வெளியேறிப் புல்வெளிக்குக் கீழே உள்ள நீளமான பள்ளங்களுக்குப் போகிறது. அதை இங்கே டிரெயின் ஃபீல்டு என்கிறார்கள். கழிவுநீரை உண்மையில் சுத்தம் செய்வது அந்தப் பள்ளத்துக்கு அடியில் உள்ள மண். கிருமிகளை வடிகட்டுவதும் அதுதான், நீரைக் குடிப்பதும் அதுதான். டேங்க் வெறும் வாசல். கான்கிரீட் தொட்டி உடைந்தால் ஒரு நாளில் புதிது இறக்கிவிடலாம். மண் கெட்டால் அதே இடத்தில் வேறு மண் வாங்க முடியாது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது ‘டேங்க் நன்றாக இருக்கிறதா’ என்றல்ல, ‘இந்த நிலம் எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்குமா, இன்னும் எத்தனை காலம் குடிக்கும்’ என்று.

சாட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கவுன்ட்டியின் கிழக்குப் பக்கம், அதாவது நீங்கள் பார்க்கும் பக்கம், டிரையாசிக் பேசின் என்று புவியியலாளர்கள் சொல்லும் பழைய பள்ளத்தாக்கின் மேல் இருக்கிறது. அங்கே உள்ள களிமண்ணில் பெரும்பகுதி நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். நம் கரிசல் மண்ணின் குணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிறம் மட்டும் வேறு. உப்பும்போது மண்ணில் உள்ள நுண்துளைகள் மூடிக்கொள்ளும், நீர் கீழே இறங்காது. மேற்கே சைலர் சிட்டி பக்கம் போனால் மண் வேறு வகை. அங்கே நீர் இறங்கும், ஆனால் சில இடங்களில் இரண்டு மூன்று அடியிலேயே பாறை வந்துவிடும்.

இங்கே பழைய ஆட்கள் ‘நிலம் பெர்க் ஆகிறதா’ என்று கேட்பார்கள். குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்க்கும் பழைய சோதனை அது. பேச்சில் அந்த வார்த்தை தங்கிவிட்டது. நார்த் கரோலினா விதிகள் இப்போது கேட்பது மண்ணைப் படிப்பதை. மண் நிபுணர் கையால் திருகும் துளைக்கருவியோடு வந்து, நாலடி ஆழம் வரை மண்ணை எடுத்து வரிசையாகத் தரையில் வைப்பார். ஒரு பிடி மண்ணை நனைத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா போலத் தள்ளுவார். நாடா ஒடியாமல் நீண்டுகொண்டே போனால் களிமண் அதிகம். பிள்ளையார் சதுர்த்திக்குப் பிடிக்க அருமையான மண், செப்டிக்குக் கஷ்டமான மண். பிறகு நிறம் பார்ப்பார். சிவப்பும் பழுப்பும் இருந்தால் காற்று போய்வரும் மண். சாம்பல் புள்ளிகள் தென்பட்டால் வருடத்தில் சில மாதம் அந்த ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். ஆகஸ்டில் தூள் பறக்கும் நிலத்திலும் பிப்ரவரித் தண்ணீரின் கதை நிறமாக எழுதியிருக்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். இந்த மாநிலத்தில் ஒரு பெட்ரூமுக்கு ஒரு நாளைக்கு 120 காலன் என்று வைத்து செப்டிக்கை வடிவமைக்கிறார்கள். பாத்ரூம் எத்தனை என்பது கணக்கில் இல்லை, பெட்ரூம்தான். நான்கு பெட்ரூமுக்கு 480 காலன், நம் கணக்கில் சுமார் 1,800 லிட்டர். மண் ஒரு சதுர அடிக்கு ஒரு நாளைக்கு 0.3 காலன் குடிக்கும் என்று நிபுணர் மதிப்பிட்டால், பள்ளத்தின் அடிப்பரப்பு 1,600 சதுர அடி வேண்டும். மூன்றடி அகலப் பள்ளம் என்றால் நீளம் 530 அடிக்கு மேல். பள்ளத்துக்குப் பள்ளம் நடுவிலிருந்து நடுவுக்கு ஒன்பது அடி விட வேண்டும். ஆக, கிட்டத்தட்ட 4,800 சதுர அடி நிலம் செப்டிக்குக்கே போய்விடுகிறது. அது ஒருநாள் பழுதானால் மாற்று அமைப்பு போட இன்னொரு இடத்தையும் ஒதுக்கி வைக்கச் சொல்கிறது விதி. ரிப்பேர் ஏரியா என்று ஃபைலில் வரைந்திருப்பார்கள். ஒன்றரை ஏக்கர் பெரிதாகத் தெரிந்தாலும் வீடு, கிணறு, எல்லை, ஓடை எல்லாவற்றுக்கும் தூரம் விட்டால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். மண்ணின் மதிப்பு 0.3 இல்லாமல் 0.15 என்று ஆனால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஃபைலுக்கு வருவோம். அதில் முதலில் தேட வேண்டியது ஆபரேஷன் பர்மிட். எத்தனை பெட்ரூமுக்கு அனுமதி என்று அதில் எண் இருக்கும். விளம்பரத்தில் நான்கு, அனுமதியில் மூன்று என்று இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மண் மூன்றுக்குத்தான் இடம் கொடுத்தது, கட்டியவர் நான்காவதைப் ‘போனஸ் ரூம்’ என்றார், அடுத்து விற்றவர் அதையும் பெட்ரூமாக எண்ணிவிட்டார். இது அடிக்கடி நடக்கிறது. அனுமதிக்கு மேல் பெட்ரூம் எண்ணிக்கை காட்டி விளம்பரம் செய்யும் ரியல்டர்கள் மேல் மாநில ரியல் எஸ்டேட் கமிஷன் நடவடிக்கை எடுத்த சம்பவங்களும் உண்டு. உங்கள் வீட்டில் அனுமதி மூன்றுக்குத்தான் என்றால் நீங்கள் வாங்குவது மூன்று பெட்ரூம் வீடு. விலையையும் அப்படியே பேசுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் மூன்று என்றுதான் விற்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, அமைப்பின் வகை. புவியீர்ப்பில் தானாக இறங்கும் சாதாரண அமைப்பு என்றால் நல்லது. கிழக்கு சாட்டத்து மண்ணில் பம்ப் வைத்தது, குறைந்த அழுத்தக் குழாய், சொட்டுநீர் வகை ஆகியவையும் காணப்படும். குறைந்த அழுத்தக் குழாய், சொட்டுநீர் போன்றவற்றுக்குச் சான்றிதழ் பெற்ற ஆபரேட்டர் ஒருவரோடு வீட்டுக்காரர் தொடர்ந்து ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டும், அவர் குறித்த இடைவெளியில் வந்து பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும், கவுன்ட்டியும் தன் பங்குக்கு வந்து பார்க்கும். ‘பதினோரு வருடமாகத் திறந்ததே இல்லை’ என்று விற்பவர் சொல்கிறார் அல்லவா? அது ஆபரேட்டர் தேவைப்படும் வகை என்றால், அந்தப் பெருமையே ஒரு குற்றச்சாட்டு. ஃபைலில் பழைய நோட்டீஸ் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

சாதாரண வகையாகவே இருந்தாலும் பதினோரு வருடம் அதிகம்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்வது மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கசடு எடுப்பது. ஆள் எத்தனை பேர், டேங்க் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்து முன்பின் ஆகும். எடுக்காமல் விட்டால் டேங்க்கில் ஒன்றும் நடக்காது, அதுதான் பிரச்சினையே. கசடு மெல்ல உயர்ந்து நடு நீரின் இடத்தைத் தின்று, ஒருநாள் தானும் வெளியே கிளம்பிப் பள்ளத்து மண்ணை அடைக்கும். வீட்டுக்காரருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. தெரியும்போது வேலை டேங்க்கில் இருக்காது.

பரிசோதனை நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டைப் பார்க்க வரும் வழக்கமான ஹோம் இன்ஸ்பெக்டர் இதைப் பார்க்க மாட்டார். செப்டிக்குக்கென்று மாநிலச் சான்றிதழ் வாரியத்தில் பதிவான இன்ஸ்பெக்டரைத் தனியாக வைக்க வேண்டும். ‘நாங்களே லாரியோடு வந்து பார்த்துச் சொல்கிறோம்’ என்பவர்களிடம் இன்ஸ்பெக்டர் சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள். கசடு உறிஞ்சுவதற்கு அனுமதி வேறு, பரிசோதித்து எழுத்தில் கருத்துச் சொல்வதற்குச் சான்றிதழ் வேறு. இன்ஸ்பெக்டரும் லாரியும் ஒரே நாளில், இன்ஸ்பெக்டர் முதலில், லாரி பின்னால் என்று ஏற்பாடு செய்யுங்கள். நீங்களும் போய் நில்லுங்கள். வாடை அடிக்கும், பரவாயில்லை.

மூடி திறந்ததும் நீர் மட்டத்தைப் பாருங்கள். வெளியேறும் குழாயின் அடி விளிம்போடு சமமாக நின்றால் சரி. அதற்குக் கீழே இருந்தால் டேங்க் எங்கோ கசிகிறது. மேலே ஏறி நின்றால், அல்லது சுவரில் மேலே ஏறிய பழைய கறை தெரிந்தால், வெளியே போகும் வழி அடைபட்டிருக்கிறது. அடைப்பு வெறும் வடிகட்டியில் இருக்கலாம். 1999-க்குப் பிறகு இங்கே போட்ட டேங்க்குகளில் வெளிக்குழாயில் ஒரு பிளாஸ்டிக் வடிகட்டி உண்டு, அதை உருவி, டேங்க்கின் வாசலிலேயே கழுவிச் செருகினால் தீர்ந்தது. அடைப்பு மண்ணில் என்றால் அது பெரிய விஷயம். எது என்று கண்டுபிடிக்கத்தான் லாரி. உறிஞ்ச உறிஞ்ச மட்டம் இறங்கும். அப்போது வெளிக்குழாயையே பார்த்துக்கொண்டிருங்கள். அந்தக் குழாயிலிருந்து தண்ணீர் திரும்பி டேங்க்குக்குள் ஓடிவந்தால், பள்ளங்கள் நிரம்பி வழிகின்றன, மண் குடிக்கவில்லை. இரண்டு நிமிடக் காட்சிதான். விற்பவர் முன்கூட்டியே லாரி விட்டிருந்தால் இதைத்தான் நீங்கள் இழந்திருப்பீர்கள்.

அந்தக் கரும்பச்சைப் புல்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெயில் காலத்தில் பள்ளங்களின் மேல் கோடு கோடாகப் புல் பசுமையாக இருப்பது சகஜம், அதில் பயமில்லை. நீங்கள் சொல்வது சரிவில் ஓரிடத்தில் மட்டும். கூரைத் தண்ணீர்க் குழாய் அங்கே வந்து முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு வரைபடத்தை வைத்து, அந்த இடம் கடைசிப் பள்ளத்துக்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். நடந்து பாருங்கள். மழை பெய்து நாலைந்து நாள் ஆன பிறகும் கால் அமுங்கினால், சாக்கடை வாடை லேசாக வந்தால், அது கழிவுநீர். இன்ஸ்பெக்டர் ஒரு கம்பியால் பள்ளத்தைக் குத்திப் பார்த்து, உள்ளே நீர் நிற்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்த வீட்டில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வயதான தம்பதி இருவர் மட்டும் என்றால் நிலம் இதுவரை கால்வாசி வேலைதான் பார்த்திருக்கிறது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு என்றால் மண் காய்ந்து, எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். ஆள் இல்லாத வீட்டின் நல்ல அறிக்கையை நான் பாதிதான் நம்புவேன்.

விற்பவர் கொடுக்கும் சொத்து விவர அறிக்கையில் கழிவுநீர் பற்றிய கேள்விக்கு ‘நோ ரெப்ரசென்டேஷன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கலாம். இந்த மாநிலத்தில் அதற்கு இடமுண்டு. அது ‘பிரச்சினை இல்லை’ என்று அர்த்தமல்ல, ‘நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்’ என்று அர்த்தம். உண்மையைக் கண்டுபிடிக்கும் வேலையைத்தான் டியூ டிலிஜென்ஸ் காலம் என்று உங்கள் தலையில் வைத்திருக்கிறார்கள். அதற்குள் எந்தக் காரணத்துக்காகவும் நீங்கள் விலகலாம். டியூ டிலிஜென்ஸ் கட்டணம் போகும், எர்னஸ்ட் பணம் (ஒப்பந்தத்துக்காகக் கட்டிய முன்பணம்) திரும்பி வரும். தேதி தாண்டினால் அந்த வசதி போய்விடும். இன்ஸ்பெக்டர் கிடைக்கத் தாமதமானால் தேதியை நீட்டிக் கேளுங்கள், அதையும் இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட காகிதமாக வாங்குங்கள்.

தாமதம் ஆகக்கூடும். 2000-இல் இந்தக் கவுன்ட்டியில் 49 ஆயிரம் பேர், 2020-இல் 76 ஆயிரத்துக்கு மேல். பிட்ஸ்பரோ பக்கம் வரும் பெரிய குடியிருப்புகளுக்குச் சாக்கடை இணைப்பு உண்டு. ஆனால் 64-ஆம் நெடுஞ்சாலையின் இருபுறமும் காட்டுப் பாதைகளில் கட்டும் வீடுகள் செப்டிக்தான். தோண்டுகிறவர், உறிஞ்சுகிறவர், மண் பார்க்கிறவர் எல்லாருக்கும் கையில் வேலை நிறைய. அதனால் இரண்டு பேரையாவது கூப்பிட்டுத் தேதி கேளுங்கள். இன்னொன்று, வேலை பெருகும் இடத்தில் வியாபாரமும் பெருகும். மாதா மாதம் ஊற்றும் பொடி, என்சைம், ‘இதைப் போட்டால் லாரியே வேண்டாம்’ என்ற வகையறா உங்கள் கதவையும் தட்டும். வேண்டாம். டேங்க்குக்குத் தேவையான பாக்டீரியா தினமும் உங்கள் வீட்டிலிருந்தே போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் காசைச் சேர்த்து வைத்தால் லாரிக்கு ஆயிற்று.

அப்பா அம்மா வருவதில் பிரச்சினை இல்லை. அனுமதி மூன்று பெட்ரூமுக்கு என்றாலும் 360 காலன், ஆளுக்கு 60 என்று ஆறு பேருக்கான கணக்கு, நீங்கள் சரியாக ஆறு பேர். ஆனால் விளிம்பில் நிற்கிறீர்கள். சனிக்கிழமை ஒரே நாளில் ஆறு லோடு துணி துவைக்கும் பழக்கத்தை விட்டு, தினம் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். டாய்லெட் தொட்டியில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதா என்று அடிக்கடி காது கொடுங்கள். ஒழுகும் டாய்லெட் ஒன்று ஒரு நாளைக்கு 200 காலன் வரை விழுங்கக்கூடும். ஆளே இல்லாமல் மூன்று விருந்தாளிக்கு மேல் வந்து தங்கிய கணக்கு அது.

தண்ணீரைவிட நம் சமையலறையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நான் திறக்கும் டேங்க்குகளில் நம்மவர் வீடு எது என்று மேலே மிதக்கும் ஆடையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தீபாவளி முடிந்து ஒரு வீட்டில் திறந்தபோது மேலே அரை அடிக்கு மஞ்சள் படலம், கட்டியாக, உள்ளே கறிவேப்பிலை அப்படியே பதிந்திருந்தது. முறுக்குச் சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றியிருக்கிறார்கள், கூடவே சுடுதண்ணீரும் விட்டார்களாம், கரைந்து போகட்டும் என்று. கரையாது. குழாயைத் தாண்டிப் போய்க் குளிர்ந்து உறையும். எண்ணெயை ஆறவிட்டு ஒரு டப்பாவில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். நெய்க் கடாயைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கிரைண்டர் கழுவிய மாவுத் தண்ணீர், புளிச் சக்கை, தேங்காய்ச் சக்கை இதெல்லாம் கசடை வேகமாக ஏற்றும். சிங்க்குக்கு அடியில் கார்பேஜ் டிஸ்போசல் (உணவு மிச்சத்தை அரைத்துத் தள்ளும் இயந்திரம்) இருந்தால் அதை இல்லாததாக நினைத்துக்கொள்வது உத்தமம். அம்மா வந்ததும் இதை அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மருமகளை விட்டுச் சொல்ல வைக்காமல் நீங்களே சொல்வது நல்லது. ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று அச்சடித்த ஈரத் துடைப்பான்களையும் ஃப்ளஷ் செய்யக் கூடாது.

மூடிகளைப் பற்றி ஒன்று. பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடு. தரை மட்டத்தில் உள்ள பிளாஸ்டிக் மூடிகளின் திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா, மூடி விரிசல் விட்டிருக்கிறதா என்று பரிசோதனை அன்றே பாருங்கள். யாரும், எதற்காகவும், தலையைக்கூட உள்ளே விடக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் மூக்கின் உணர்வைக் கொல்லும், அதனால் வாடை இல்லை என்று நினைப்பீர்கள். நம் ஊரில் இப்படி இறங்கி எத்தனை பேர் போனார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அங்கே 2013 சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்த பிறகும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. கைபேசி உள்ளே விழுந்தால் விழுந்ததுதான்.

சரி, வாங்கலாமா? அனுமதி எண் விளம்பரத்தோடு பொருந்தி, குழாயில் தண்ணீர் திரும்பாமல், அந்தப் பச்சைத் திட்டு கூரைத் தண்ணீராலானது என்று தெரிந்தால், தயங்காமல் வாங்குங்கள். லாரிச் செலவை விற்பவர் தருவதாகச் சொன்னாரே, அதை அப்போது வாங்கிக்கொள்ளலாம். எண் மட்டும் பொருந்தவில்லை என்றால் விலை பேசுங்கள். தண்ணீர் திரும்பி வந்தால், விலைக் குறைப்பை ஒப்புக்கொள்வதற்கு முன், ரிப்பேர் ஏரியா இன்னும் கைபடாமல் இருக்கிறதா, அதன் மேல் யாராவது ஷெட் கட்டிவிட்டார்களா என்று ஒரு மண் நிபுணரை வைத்துப் பாருங்கள். புது அமைப்பு பல்லாயிரம் டாலர் செலவு, அதுவும் போட இடம் இருந்தால்தான். இடமும் இல்லை என்றால் கட்டணத்தை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சொந்தக் கிணறு உள்ள வீடு என்றால் கிணற்றுக்கும் செப்டிக்குக்கும் எத்தனை அடி என்று வரைபடத்தில் அளந்து, கோலிஃபார்ம் கிருமியும் நைட்ரேட்டும் இருக்கிறதா என்று தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் மனைவியின் தோட்டம். பின்னால் அத்தனை வெயில் படும், மரமே இல்லாத புல்வெளி இருக்கிறது என்றால் அங்கே மரம் இல்லாததற்குக் காரணம் அதற்குக் கீழே இருப்பதுதான். அதன் மேல் கீரையோ கேரட்டோ வேண்டாம், சாப்பிடும் பொருள் எதுவும் வேண்டாம். மேலே மண் கொட்டி மேடைப் பாத்தி கட்டுவதும் கூடாது. மண்ணுக்குக் காற்று போகாது. பந்தல் கால் நட்டால் குழாயைக் குத்தும். புல் மட்டும் இருக்கட்டும், பிள்ளைகள் அதில் பந்து விளையாடலாம், கார் ஏற்றக் கூடாது. ரிப்பேர் ஏரியாவையும் சும்மா விடுங்கள். இரண்டையும் வரைபடத்தில் கோடு போட்டுக் கழித்துவிட்டு, மிச்சத்தில் தெற்கு வெயில் படும் இடமாகப் பார்த்து, பரிசோதனை அன்றைக்கே நாலு குச்சி நட்டு அவர்களிடம் காட்டுங்கள். அவரையும் பாகலும் வெண்டையும் மே மாதத்தில் போட்டால் இங்கே நன்றாக வரும். கறிவேப்பிலை மட்டும் தொட்டியில் இருக்கட்டும். நவம்பரில் வீட்டுக்குள் தூக்கி வைக்க வேண்டியிருக்கும்.